சிதறால் குகை, அக்கானி அடுப்பு, திருநந்திக்கரை: மேற்குக் குமரியில் ஒரு நாள்

கன்னியாகுமரிக்கு வருகிற பலர் சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்விட்டு, மத்தியானமே ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். மேற்குப் பக்கம் மலையடிவாரத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய குகைக்கோயில்கள் இருக்கின்றன, ஒரு பகல் போதும்.

நானும் தம்பியும் விடியற்காலை நாகர்கோவிலில் இருந்து பைக்கில் கிளம்பி, மார்த்தாண்டம் தாண்டி சிதறால் போய்ச் சேர்ந்தோம். அடிவாரத்தில் இருந்து கல் பதித்த பாதை, இரண்டு பக்கமும் மரம், ஏறுவது சுலபம். மேலே ஒரு பெரிய பாறை இன்னொரு பாறைமேல் சாய்ந்து கிடக்க, நடுவில் இயற்கையாக உண்டான குகை. வெளிப்பாறை முழுக்க தீர்த்தங்கரர்கள், அதாவது சமண சமயத்தின் அருளாளர்கள், வரிசையாக, பாம்புப் படம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், பக்கத்தில் சமணர்களின் அம்மனான அம்பிகா, அவள் காலடியில் சிங்கம். இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் வம்ச மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இந்த அம்மனுக்குப் பொன் கொடுத்த செய்தி இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் துறவியின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பிற்காலத்தில் இது பகவதி கோயிலாக மாறியபோதும் தீர்த்தங்கரர்களை யாரும் உடைக்கவில்லை.

இறங்கி வந்தபோது தம்பிக்குத் தெரிந்த பனையேறி அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்குப் போனோம். அக்கானி காய்ச்சுகிற நேரம். பதநீரைத்தான் எங்கள் பக்கம் அக்கானி என்போம். பாளை சீவிக் கட்டுகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது இனிப்பாகவே நிற்கும், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும், அந்தக் கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை, அதனால் இங்கே அடுப்பில் கொதித்தது கருப்பட்டிக்கான அக்கானி மட்டும்.

காய்ச்சுவது முழுக்க அண்ணாச்சியின் அம்மா. காய்ந்த மட்டையும் ஓலையும் எரிகிற புகையில் நின்றுகொண்டு, நுரை பொங்கும்போதெல்லாம் நசுக்கிய ஆமணக்கு முத்தைப் போடுகிறார், உடனே அடங்குகிறது. தண்ணீர் மாதிரி இருந்தது மெல்ல மெல்லப் பழுப்பாகிக் கம்பிப் பாகாகிறது. பாகை ஊற்றி வார்க்கிற சிரட்டையை, அதாவது தேங்காய் ஓட்டை, நான் எடுக்கப் போனேன். "நில்லு மக்களே, இன்னும் பதம் வரல்ல" என்றார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார், உருண்டையாகத் திரண்டது. அப்புறம்தான் இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றினார். இத்தனை பாடுபட்டுச் செய்ததைக் கடையில் சீனி கலந்த மலிவுக் கருப்பட்டியோடு ஒரே தட்டில் வைத்து விலை பேசுவது அநியாயம். நேராக இவர்களிடமே வாங்குங்கள்.

மத்தியானம் ஆற்றூர், திருவட்டாறு வழியாகக் குலசேகரம், வழியெல்லாம் ரப்பர் தோட்டம். அங்கிருந்து திருநந்திக்கரை கிட்டத்தான். பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே போய்க் கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தின் நான்காவது கோயில் இது, சிவராத்திரி சமயத்தில் ஓடுகிறவர்கள் கூட்டம் இருக்கும், அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் குடைவரை, பாறையையே குடைந்து செய்த கோயில். தூண்களில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து, சுவரில் பழைய ஓவியத்தின் கோடுகள் அங்கங்கே மிச்சம். டார்ச்சைச் சரித்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளம் நன்றாகத் தெரிகிறது. ராஜராஜ சோழனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு: அவன் பிறந்த ஐப்பசி சதயத்தில் விழா எடுக்க, முட்டம் என்ற ஊரை மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

போவதென்றால் மாசிக்கும் ஆனிக்கும் இடையில் போங்கள், அக்கானி அப்போதுதான் கிடைக்கும். வெயில் ஏறுவதற்கு முன் சிதறால் ஏறி இறங்கிவிடுங்கள். சுவர் ஓவியத்தைத் தயவுசெய்து கையால் தொடாதீர்கள்.