வேடிக்கை பார்க்க ஆளில்லாத ஊர்

டொரன்டோவில் எங்கள் குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங். அட்டையை விரித்து உட்கார்ந்து சக்கர நட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கட்டட மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் நின்றார். அப்பாடா, யோசனை சொல்ல ஒரு ஆள் வந்துவிட்டார் என்று மனசு குளிர்ந்தது. அவர் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார்: இங்கே வண்டி ரிப்பேர் செய்யக் கூடாது. இனிய மாலை வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனார்.

நட்டு கழலாததைவிட இதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கோவை ஆவாரம்பாளையத்தில் பானெட்டைத் தூக்கினால் போதும், பேக்கரி வாசலில் நிற்பவர் டீ டம்ளரோடு வந்துவிடுவார். "டீசல்ல ஏர் புடிச்சிருக்குமுங்க" என்பார். பெட்ரோல் வண்டி என்று சொன்னாலும் பின்வாங்க மாட்டார். இன்னொருவர் பக்கத்து லேத் பட்டறையிலிருந்து ஒரு பைப்பை எடுத்து வந்து ஸ்பேனரில் மாட்டி நெம்புவார். போல்ட் தலை உருண்டுபோயிருந்தால் வெல்டிங்காரர் அதன்மேல் வேறொரு நட்டை வைத்துப் பற்றவைப்பார். பிடிக்கப் புதுத் தலை கிடைக்கும், அந்தச் சூட்டிலேயே துருவும் விட்டுக்கொடுக்கும். "டீக்கு ஏதாச்சும் குடுங்க" என்பதோடு கணக்கு முடிந்தது. அந்தக் கூட்டம் அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இங்கே எதிரி உப்பு. பனி உறையாமலிருக்கச் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். அது வண்டியின் அடிவயிற்றைத் தின்கிறது. என் வண்டியின் சக்கர நட்டுகள் இரண்டு அடுக்கு: உள்ளே இரும்பு, வெளியே பளபளவென்று மெல்லிய தகடு. தகட்டுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கித் துரு பிடித்தால், துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும்; நட்டு வீங்கிவிடும். 19 மில்லிமீட்டர் சாக்கெட் நுழையாது, 20 போட்டால் வழுக்கும். வழுக்க வழுக்க ஆறு மூலையும் மழுங்கிக் கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடும்.

நட்டு கழலவில்லையே என்று குளிர்கால டயர் மாட்டுவதைத் தள்ளிப்போடவும் முடியாது. 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதா டயரின் ரப்பர் விறைத்துவிடும். ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டால் 2016 முதல் இன்சூரன்ஸில் தள்ளுபடியும் உண்டு, அதை விடுவோமா? ஒரு கராஜில் கேட்டேன். மணிக்கூலி 150 டாலர், நட்டு ஏறும் மரையாணியான ஸ்டட் ஒடிந்தால் அதற்குத் தனி. அதை நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று மாற்றிப் பார்த்தேன்.

கடைசியில் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் வீட்டு வாசலுக்கு வண்டியை ஓட்டிப் போனேன். போர் நடந்தபோது ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். பெட்ரோலைக் கொஞ்சம் காட்டி ஸ்டார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். நட்டைத் தடவிப் பார்த்தார். வெல்டிங் வைக்கலாமா என்றேன்.

"டயர் கிட்டக் கிடக்குது தம்பி, நெருப்புச் சரிவராது. சும்மா இரும், ஒருக்கா அடிச்சுப் பாப்பம்."

துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டார். பிறகு ஒரு சாக்கெட்டை எடுத்தார். அதன் உட்புறம் முறுக்கு முறுக்காகப் பற்கள். கழற்றும் பக்கம் திருப்பத் திருப்ப நட்டை இன்னும் ஆழமாகக் கடிக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைச் சுத்தியலால் தட்டி இறக்கி, நீளமான கம்பியை மாட்டி உடம்பு பாரத்தைப் போட்டார். முதலில் அசைவில்லை. பிறகு டக்கென்று ஒரு சத்தம். ஒடிந்தது ஸ்டட்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நட்டு கிறீச்சிட்டுக்கொண்டே கழன்றது. சாக்கெட்டுக்குள் சிக்கிய நட்டை உளி வைத்துத் தட்டி எடுப்பதற்குள் எதிர்வீட்டுத் தாத்தா ஒருவர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து ஆஸ்டின் ஏ40 கார்களைப் பற்றிப் பேச்சு வளர்ந்தது. அக்கா இரண்டு தடவை தேநீர் போட்டார்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. தகடு இல்லாத ஒற்றை நட்டுகளாக வாங்கி மாட்டியாயிற்று. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து 100 அடி-பவுண்டுக்கு முடுக்குகிறேன். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்கிறேன். யாரையும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் போன வாரம் மளிகைக்கடை வாசலில் ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கொத்தமல்லி வாங்கப் போன நான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். "ஸ்டார்ட்டரா இருக்கும், லேசாத் தட்டிப் பாருங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்ட ஏதாவது தேடினார். அதற்குள் இன்னொருவர் தள்ளுவண்டியோடு வந்து நின்று, பேட்டரிதான் என்று அடித்துச் சொன்னார்.