ஆப்ப சோடாவில் குளித்துவிட்டு மான் பார்க்கப் போன கதை

நேற்று ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்பினேன். உடம்பெல்லாம் செம்மறி ஆட்டு வாடை. கதவைத் திறந்த வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாசனையே இல்லாம போறோம்னு சொல்லிட்டுத்தானே ரெண்டு பேரும் கிளம்புனீங்க?" என்றாள். அவள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நேராகக் குளியலறைக்குள் போய்விட்டான். அந்த ஆட்டோக்காரர் மேல் இருக்கிற எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்வதாகத்தான் உத்தேசம்.

போன இடம் ஜெயமங்கலி வெளிமான் காப்பகம். வெளிமான் என்றால் ஆங்கிலத்தில் பிளாக்பக். கர்நாடகத்தில் துமகூரு மாவட்டம், மதுகிரி தாலுகா, மைதனஹள்ளி. சுமார் 800 ஏக்கர் புல்வெளி, ஓரத்தில் கொஞ்சம் தைலமரத் தோப்பு, ஒரு கண்காணிப்புக் கோபுரம், அவ்வளவுதான். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். நாங்கள் பெங்களூரிலிருந்து ஹிந்துபூர் வரை ரயிலிலும் அங்கிருந்து ஆட்டோவிலும் போனோம். அதைப் பின்பற்றாதீர்கள். வண்டி இருந்தால் தொட்டபள்ளாபூர், கௌரிபிதனூர் வழியாக நேரே போய்விடுங்கள்.

இந்தப் பயணத்துக்கே காரணம் மச்சான். மனைவியின் தம்பி, பென்சில்வேனியாவில் வேலை. அங்கே லைசென்ஸ் எடுத்து, வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, சீசன் திறந்ததும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோடு மரத்தில் ஏறி உட்காருகிற ஆள். குறி வெள்ளைவால் மான். லீவுக்கு வந்தவனிடம் என் கேமரா புலம்பலைச் சொன்னேன். என்னிடம் இருப்பது 300 எம்.எம். வரைக்கும் போகிற பழைய லென்ஸ். 600 எம்.எம். பெரிய லென்ஸ் வாங்கப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். அது வீடு வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கிற தொகை.

"மாமா, லென்ஸ் எதுக்கு? பக்கத்துல போங்க" என்றான். துப்பாக்கிக்காரன் தூரத்திலிருந்து சுடலாம், வில்லுக்காரனுக்கு மான் இருபது முப்பது கெஜத்துக்குள் வந்தால்தான் உண்டு. அந்தத் தூரத்தில் மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிய ஆயுதம். மனித வாடை ஒரு இழை போனால் போதும், காலைத் தரையில் தட்டும், ஒரு சீறல், வெள்ளை வால் தூக்கிக்கொள்ளும், அன்றைய பொழுது முடிந்தது. அதனால் வில்வேட்டையில் பாதி வேலை தன் வாடையை மறைப்பதுதான் என்றான். அதே வித்தையைக் கேமராவுக்குப் பயன்படுத்தினால் முப்பது மீட்டரில் படம் எடுக்கலாம், முடியாவிட்டால் ராத்திரிச் சாப்பாடு தன் செலவு என்று பந்தயம் வேறு.

(யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வில்லெல்லாம் அங்கேயே இருக்கிறது. இங்கே வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான், அதிகப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிறது. எங்களிடம் இருந்தது கேமரா மட்டும்தான்.)

இரண்டு நாளுக்கு முன்பே ஏற்பாடு தொடங்கியது. முதல் உத்தரவு, வெங்காயம் பூண்டு கூடாது. இரண்டாவது, காபி கூடாது. இரண்டாவதை நான் ஏற்கவில்லை. மூன்றாவது, மணமில்லாத சோப்பு. தனக்கு ஒரு கட்டி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்தான், மாமாவுக்கு ஒன்று கொண்டுவரத் தோன்றவில்லை. பெங்களூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். மல்லிகை இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, சந்தனம் இருக்கிறது, ஒன்றுமே இல்லாதது மட்டும் இல்லை. கடைசியில் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குளித்தேன். வியர்வைக்கென்று பெரிய வாடை கிடையாதாம், தோலில் இருக்கிற பாக்டீரியா அதைத் தின்று போடுவதுதான் நாறுகிறதாம். அதைச் சோடா கொஞ்சம் அடக்கும். அடக்கியதோ இல்லையோ, முதுகு முழுக்க அரிப்பு.

துணியும் சோடாவில்தான் அலசினோம். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் கூடாது, வெள்ளையைப் பளிச்சென்று காட்டுகிற பவுடரும் கூடாது. நீலமும் அதைத் தாண்டிய ஒளியும் மான் கண்ணுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியுமாம், அந்தப் பவுடரில் துவைத்த துணி அதற்கு மின்னுமாம். என் நீலத் தொப்பியைப் பிடுங்கி உள்ளே வைத்தான். துணியை மொட்டை மாடியில் காயப்போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, கீழ்வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுக்க ஆரம்பித்தார்கள். மறுபடி அலசினோம்.

காலுக்கு ரப்பர் பூட்ஸ். தோல் செருப்பு வாடையை உறிஞ்சி நடந்த இடமெல்லாம் விட்டுவிட்டுப் போகும், ரப்பர் அவ்வளவாகப் பிடிக்காது என்பது கணக்கு. சிட்டி மார்க்கெட்டில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். புது ரப்பர் நாற்றம் இருக்கிறதே, டயர் கடைக்குள் தலையை விட்ட மாதிரி. "ஒரு மாசம் வெளியில வெச்சு ஆறவிடணும் மாமா" என்று வாங்கியபிறகு சொல்கிறான்.

துணிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, கூடவே கொஞ்சம் காய்ந்த புல்லும் மண்ணும் போட்டு மூடி எடுத்துக்கொண்டோம். ரயிலில் பக்கத்து ஸீட்டில் புளியோதரை, எதிரே மல்லிகைச் சரம், மேலே யாரோ பூண்டு ஊறுகாய் பாட்டிலைக் கசியவிட்டிருந்தார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைக் காப்பதுபோல் காத்தான்.

ஹிந்துபூர் லாட்ஜ் பெயரைச் சொல்லப்போவதில்லை. போனில் 700, போய் நின்றால் 900. ஃபேன் ஓடியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலமாரி, தலையணை, பாத்ரூம் எங்கும் பாச்சை உருண்டை. விடியற்காலை நாலு மணிக்கு டப்பாவைத் திறந்து அந்த அறையில் துணி மாற்ற முடியாது என்று மச்சான் அடம்பிடித்தான். இருட்டில் லாட்ஜ் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டோம். எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது.

இனி ஆட்டோ. முந்தின நாள் ராத்திரி பேசியது 600, போக மட்டும். காலை நாலரைக்கு வந்தவர் 1,200 என்றார். "நைட் சார்ஜ் சார்." நாலரை மணி என்பது முந்தின நாளே தெரிந்த விஷயம்தானே, ராத்திரியில் தானாக முளைத்ததா? தெலுங்கில் அவர், தமிழில் நான், நடுவில் மச்சானின் ஆங்கிலம். வேறு வண்டி கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை என்பது அவருக்கும் தெரியும். 900க்கு ஒத்துக்கொண்டு ஏறினோம். ஏறியதும் சாமி படத்துக்குக் கற்றையாக ஊதுபத்தி கொளுத்தினார். மச்சான் முகம் செத்துவிட்டது. முதல் சவாரி, பூஜை போடாமல் எடுக்க மாட்டாராம். அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, அதோடு விட்டாரா? கண்ணாடியில் பழைய சம்பங்கி மாலை, டேஷ்போர்டில் ரோஜா சென்ட் பாட்டில், வாயில் பீடி. இரண்டு நாள் பூண்டு இல்லாமல் இருந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் புகையாகப் போனது. இறங்கும்போது ஐம்பது ரூபாய் டீக்காசு வேறு கேட்டார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் காவலரிடம் சொல்லிவிட்டு, பாதையை விட்டு இறங்காமல் நடந்தோம். மச்சானுக்கு ஒரு சமாதானம் இருந்தது. சோப்பு, பூட்ஸ் எல்லாம் உதவிக்குத்தான், உண்மையில் காப்பாற்றுவது காற்று. "காத்து நம்ம முகத்துல அடிக்கணும் மாமா. முதுகுல அடிச்சா அமெரிக்கா சோப்பு போட்டாலும் ஒண்ணும் ஆகாது." காலையில் தரை சூடாகும்போது காற்று மேட்டை நோக்கி ஏறும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். மரத்தில் இருபது அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும் சாயங்காலக் காற்று வாடையைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இதைப் பார்க்க அங்கே ஒரு செடியின் பஞ்சைக் காற்றில் விடுவார்களாம். போனில் படம் காட்டினான். பார்த்தால் அசல் எருக்கம் பஞ்சு. எருக்கு அதற்கு ஒன்றுவிட்ட பங்காளிதான், ஒரே குடும்பம். பாதையோரம் வெடித்துக் கிடந்த எருக்கங்காயிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு இழையாக விட்டுப் பார்த்தான். அது எங்கள் காதைத் தாண்டி, பின்னால் வந்த வழியிலேயே மிதந்து போனது. காற்று சரியாக முகத்தில். இந்தப் பயணத்தில் காசு கொடுக்காமல் கிடைத்து ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் எருக்கம் பஞ்சுதான்.

அப்புறம் வெளிமான். சங்கப் பாட்டில் இரலை என்று வருமே, அந்த முறுக்குக் கொம்புக்காரன். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கிடா, சுற்றிலும் வெளிர்ப் பழுப்பில் பெட்டைகள் முப்பதுக்கு மேல். வெயில் அப்போதுதான் கொம்பில் பட ஆரம்பித்திருந்தது. நான் கேமராவை எடுக்கவே மறந்து நின்றேன். சத்தியமாக, அந்த இரண்டு நிமிடத்துக்காக அந்த 900 ரூபாயை மன்னிக்கலாம். ஆட்டோக்காரரை இல்லை.

இருநூறு மீட்டர் இருக்கும். காற்று எங்கள் பக்கம். குனிந்து இரண்டடி வைத்தோம். ஒரு பெட்டை தலையைத் தூக்கியது. இன்னும் இரண்டடி. எல்லாத் தலையும் எங்களைப் பார்த்தது. ஒன்று செங்குத்தாக எகிறிக் குதித்தது, அடுத்தது, அதற்கடுத்தது, பொரிகிற மாதிரி மொத்தக் கூட்டமும் துள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒன்பது மணிக்குள் இதே கதை மூன்று முறை.

திரும்பி வந்ததும் காவலர் சிரித்தார். கன்னடமும் தெலுங்கும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இது: இதற்கு மூக்கு இல்லை சார், கண்ணுதான் எல்லாம். காட்டு மான் புதரில் வாழ்கிறது, எதிரி கண்ணில் படாது, மோப்பம்தான் துணை. இது திறந்த வெளியில் வாழ்கிறது. ஒரு காலத்தில் இதைத் துரத்திய சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவித்துவிட்டார்கள் (2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்குக் கொண்டுவந்தது வேறு கதை), ஆனால் தூரத்தில் ஒரு தலை அசைந்தால் கண்டுபிடிக்கிற கண் மட்டும் இதற்கு அப்படியே இருக்கிறது. மச்சான் போனில் தேடிப் பார்த்தான். கண் கூர்மை, மோப்பம் சுமார் என்றுதான் அதிலும் இருந்தது. போதாக்குறைக்கு இது மான் இனமே இல்லையாம், ஆடு மாடு குடும்பமாம், அதனால்தான் கொம்பு உதிர்வதில்லையாம். கிளம்புவதற்கு முன்னால் இதைத் தேடியிருக்கலாமே ஐயா! முதுகு இன்னும் அரிக்கிறது.

பசி. ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு பக்கத்து ஊர் முக்குக்குப் போனோம். பெயர்ப்பலகை இல்லாத ஓட்டுக்கொட்டகை. ராகி முத்தே, நாட்டுக்கோழி சாறு. இந்தப் பக்கம் முத்தே, எல்லையைத் தாண்டினால் சங்கட்டி, நமக்குக் களி. சாறு கறுஞ்சிவப்பாக, கொத்துமல்லியும் மிளகும் அம்மியில் அரைத்த வாசத்தோடு, மேலே எண்ணெய் மிதக்க வந்தது. முழுப் பூண்டுப் பற்கள் அதில் நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு நாள் பத்தியம் இருந்த வாய். உருண்டையைக் கிள்ளி, சாற்றில் முக்கி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மச்சான் பிட்ஸா மாதிரி மென்றான், கடைக்கார அம்மா வந்து தலையில் தட்டாத குறையாகத் திருத்தினார். கடிக்கப் பச்சை வெங்காயம் தட்டு நிறைய. கேட்காமலே இன்னொரு கரண்டி சாறு. இரண்டு பேருக்கும் சேர்த்து 240 ரூபாய். பெங்களூரில் ஒரு காபிக்கடையில் ஒரே காபிக்கு இதைக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மா கையில் ஐநூறைக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று ரயிலில்தான் தோன்றியது.

நாலு மணிக்கு, பூண்டு ஏப்பத்தோடு, காப்பகத்துக்கு வெளியே வயல் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். வெளிமான்கள் கடலைக்காட்டில் இறங்கி மேய்வது வழக்கம், அதில் விவசாயிகளுக்கு வருத்தம். எதிரே கம்பளி போர்த்திய ஒரு தாத்தா, அறுபது எழுபது செம்மறியோடு வந்தார். எங்கே போகிறீர்கள் என்று சைகையில் கேட்டார். மான் என்று கொம்பு வைத்துக் காட்டினேன். ஆடுகளுக்கு நடுவில் வந்து குனிந்து நடக்கச் சொன்னார். நடந்தோம். ஆடு இடித்தது, மிதித்தது, வாடையை உறிஞ்சும் என்று மச்சான் போட்டிருந்த அமெரிக்கக் கார்பன் சட்டையில் ஒரு குட்டி மூக்கைத் துடைத்தது. மந்தை ஒரு தரிசு மேட்டில் நின்றபோது நாங்கள் முழங்காலிட்டோம். அந்தப் பக்கம் ஒரு கிடாவும் நாலு பெட்டைகளும். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தன. ஆடுதானே என்று குனிந்துகொண்டன.

நாற்பது மீட்டர் இருக்கும். முப்பது என்கிறான் மச்சான். பந்தயத்துக்காகச் சொல்கிறான், நம்பாதீர்கள். எட்டுப் படம், அதில் ஒன்று நான் இதுவரை எடுத்ததிலேயே சிறந்தது. கிடா கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துக் கொம்பை முதுகோடு ஒட்டி வைத்திருக்கிறது, கண்ணைச் சுற்றி அந்த வெள்ளை வளையம் தெளிவாகத் தெரிகிறது.

திரும்பும் ரயிலில் கௌரிபிதனூரிலிருந்து யெலஹங்கா வரை சண்டை. ஆட்டு வாடை எங்கள் வாடையை மூடிவிட்டது, வேட்டைக்காரர்கள் நரி மூத்திரம் பூசிக்கொள்வார்களே அதே தத்துவம்தான் என்கிறான் அவன். எங்கள் உருவம் மந்தையில் கரைந்ததுதான் காரணம் என்கிறேன் நான். எதிர் ஸீட்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

செலவுக் கணக்கு சொல்கிறேன் என்றேன் அல்லவா. ரயில் இரண்டு பேருக்கும் போக வர 300க்குள், லாட்ஜ் 900, ஆட்டோ டீக்காசோடு 950, சாப்பாடு 240, பூட்ஸ் 350, ஆப்ப சோடா நாலு பாக்கெட். தாத்தாவுக்கு நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. பீடி இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் அதுகூட இல்லை, வாடை வரும் என்று மச்சான் வாங்கவிடவில்லை.