அம்மாவுக்கு ஒரு வயர்லெஸ் சார்ஜர்

அம்மாவின் போனில் சார்ஜ் துளை தளர்ந்துவிட்டது. வயரைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. நல்லவேளை, வயர்லெஸ் வசதி உள்ள போன். நேற்று வண்ணார்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினேன்.

பெட்டியில் 15 வாட் என்று போட்டிருந்தாலும் போன் 7.5 வாட்தான் வாங்குமென்றால் அவ்வளவுதான் ஏறும். பல பெட்டிகளில் அடாப்டரும் கிடையாது. பழைய 5 வாட் அடாப்டரில் செருகினால் 15 எங்கிருந்து வரும்?

சூடுதான் எனக்குப் பெரிய கவலை. போனிலும் சார்ஜரிலும் இருக்கிற காயில்கள் (கம்பிச் சுருள்கள்) நேருக்கு நேர் அமராவிட்டால் மின்சாரம் சூடாகி வீணாகும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது பேட்டரிக்கு ஆகாது. க்யூஐ2 (Qi2) என்கிற புது வயர்லெஸ் சார்ஜிங் வகையில் காந்தம் பிடித்துச் சரியாக உட்கார வைக்கும். அம்மா போனில் காந்தம் இல்லையே. தட்டு மாதிரி இருப்பதில் மூக்குக்கண்ணாடி போடாமல் ஓரமாக வைத்துவிடுவார். அதனால் சாய்த்து வைக்கிற ஸ்டாண்டு வகையே சரி என்று படுகிறது.

நெல்லையில் யாராவது ஸ்டாண்டு வைத்திருந்தால், தடித்த கவரோடு ஏறுகிறதா, சொல்லுங்கள்.