கிணற்றடியில் நான்கு படங்கள்

படம் வரைந்து பிழைப்பவனுக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தால் கொண்டாட்டம்தான். பின்னணியை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். சென்னையில் ஒரு பதிப்பகம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கான வேதாகமக் கதைத் தொகுப்புக்குப் படம் கேட்டது. அவர்கள் தந்த பட்டியலில் கிணறு நான்கு இடங்களில் இருந்தது. நான் கிறிஸ்தவன் இல்லை. பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தைத் தாண்டி இந்தக் கதைகள் எனக்குப் பழக்கமும் இல்லை.

தொகுப்பாசிரியர் ஓய்வுபெற்ற போதகர். “ஒரே கிணத்தை நாலு தடவை போட்டுக்கலாமா ஐயா?” என்று கேட்டேன். “போடலாம் தம்பி. மொதல்ல நாலையும் வரிசையா படிச்சிட்டு வாங்க” என்றார்.

படித்தேன். அந்நிய ஊருக்கு ஒருவன் வருகிறான். கிணற்றடியில் பெண்ணைப் பார்க்கிறான். யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள். செய்தி வீட்டுக்குப் போகிறது, அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், கல்யாணம் முடிவாகிறது. எபிரெய இலக்கிய அறிஞர் ராபர்ட் ஆல்டர் 1981இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார் என்று போதகர் பிறகு சொன்னார். ஹோமரின் காவியங்களை ஆராய்ந்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பார்வையாம் அது. கேட்பவர்களுக்குக் காட்சியின் வரிசை முன்பே தெரியும். சொல்பவர் இந்தத் தடவை எங்கே மாற்றுகிறார் என்பதில்தான் அவர்கள் கவனம் இருக்கும்.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில் மாப்பிள்ளை ஈசாக்கு வரவே இல்லை. அவருக்குப் பதிலாக அப்பா ஆபிரகாமின் ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு வருகிறான். ரெபெக்காள் துரவில் இறங்கிக் குடத்தை நிரப்பி ஏறி வருகிறாள். அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஒட்டகங்கள் குடித்து முடிக்கும்வரை இறைக்கிறாள். தாகமான ஒட்டகம் நூறு லிட்டர் வரை குடிக்கும். பத்துக்குக் கணக்குப் போட்டால், அந்த வீட்டில் இனி யார் கை ஓங்கும் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. 29ஆம் அதிகாரத்தில் கிணற்றின் வாயில் ஒரு பெரிய கல். யாக்கோபு தானே அதைப் புரட்டி, ராகேலின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அழுகிறான். யாத்திராகமம் 2இல் மேய்ப்பர்கள் துரத்திய ஏழு பெண்களுக்கு மோசே துணையாக நிற்கிறான். அவர்கள் அப்பாவிடம் போய், ஓர் எகிப்தியன் காப்பாற்றினான் என்கிறார்கள். அதனால் மோசேக்கு எகிப்திய உடை போட்டேன். வழக்கமான படங்களில் அவரும் மற்றவர்களைப் போல நீள அங்கியோடுதான் நிற்பார், ஏனோ.

நான்காவது, இயேசுவின் கதையைச் சொல்லும் யோவான் நூலின் 4ஆம் அதிகாரம். சமாரியாவின் சீகார் ஊருக்குப் பக்கத்தில் யாக்கோபின் கிணறு. (அது என்று காட்டப்படும் கிணறு இன்றும் நாப்லுஸ் நகரில் ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குள் இருக்கிறது.) உச்சிவெயில் நேரம். இயேசு தண்ணீர் கேட்கிறார், ஆனால் குடித்ததாக எங்கும் எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஐந்து கல்யாணம் ஆகிவிட்டது. அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். சீஷர்கள் சாப்பிடச் சொன்னால் அவர் மறுக்கிறார். ஆபிரகாமின் ஊழியக்காரனும் வந்த காரியத்தைச் சொல்லாமல் சாப்பிடமாட்டேன் என்றவன்தான். ஊரே வந்து தங்கச் சொல்கிறது, இரண்டு நாள் தங்குகிறார். எல்லாம் வரிசைப்படி நடக்கிறது, கல்யாணம் மட்டும் இல்லை. முந்தைய மூன்றும் தெரியாமல் படித்தால் அந்த இடைவெளி கண்ணிலேயே படாது.

கடைசியில் நான்கு கிணறும் தனித்தனியாகத்தான் வரைந்தேன். கூலி ஏறவில்லை.

கெட்ட குமாரன் கதையில் எனக்கு இன்னும் பெரிய வேலை காத்திருந்தது. லூக்கா 15இல் தகப்பன் ஓடிப்போய், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். இதே அசைவுகள் ஆதியாகமம் 33இல் வருகின்றன: அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன யாக்கோபு பயந்துகொண்டே திரும்பி வரும்போது, ஏசா எதிர்கொண்டு ஓடி, தழுவி, கழுத்தில் விழுந்து முத்தமிடுகிறான். அங்கே ஓடியவன் அண்ணன். லூக்காவில் அண்ணன் வயலிலிருந்து வந்து கோபத்தோடு வெளியே நிற்கிறான், அவன் செய்ய வேண்டியதை அப்பா செய்கிறார். எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கொடுத்ததில்லையே என்று அவன் கேட்கும்போது, அண்ணனைப் போல நடித்து அப்பா ஈசாக்கை ஏமாற்ற யாக்கோபு பயன்படுத்திய வெள்ளாட்டுக்குட்டிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இது என் ஊகம்தான். ஏசாவையும் அந்தத் தகப்பனையும் ஒரே கோட்டில் வரைந்து, முடியை மட்டும் நரைக்கவைத்தேன்.

மற்ற ஜோடிகள் வேகமாகப் போயின. கப்பலின் கீழ்த்தட்டில் தூங்கும் யோனா, படகின் பின்புறம் தலையணையில் தூங்கும் இயேசு. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் பார்வோன், அப்புறம் ஏரோது. வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற அன்னாளின் பாட்டு, இயேசுவின் தாய் மரியாளின் பாட்டு.

பட்டியலில் எனக்கு ஒட்டாததும் ஒன்று இருந்தது. இஸ்ரவேல் ஒற்றர்களை ஒளித்துவைத்த ராகாப் என்ற பெண் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிறு இயேசுவின் இரத்தத்துக்கு அடையாளம் என்று குறிப்பு போட்டிருந்தார்கள். மிகப் பழைய விளக்கமாம். இருக்கட்டும். நிறம் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து இணைத்தால் எதையும் எதோடும் இணைத்துவிடலாம். நாலைந்து விவரங்கள் அதே வரிசையில் வந்தால்தான் எழுதியவர் வேண்டுமென்றே செய்தார் என்று நம்புவேன்.

இதைச் சொன்னபோது போதகர் வேறொரு விஷயத்தைச் சொன்னார். முதல் கதை வெறும் நிழல், பின்னது வந்ததும் அதன் வேலை முடிந்தது என்று சபைகளில் பேசுவது அவருக்குப் பிடிக்காது. பழையதைத் திரும்பச் சொல்லும் பழக்கமே எபிரெய வேதத்தினுடையது, அதாவது பழைய ஏற்பாட்டினுடையது என்பார். யோசுவா 4இல் யோர்தான் நதியைக் கடந்ததும், முன்பு செங்கடல் வற்றியதைப் போலவே என்று அந்தப் பகுதியே ஒப்பிடுகிறது. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதியை எழுதிய யூதர்கள் தங்கள் வீட்டு வழக்கத்தைத்தான் தொடர்ந்தார்கள். யூதர்கள் இன்றைக்கும் ரோஷ் ஹஷானா புத்தாண்டின் முதல் நாளில், ஆபிரகாமின் மனைவி சாராளுக்குப் பிள்ளை பிறந்ததையும் அன்னாளின் கதையையும் சேர்த்தே ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் பிற்பகலில் யோனா. அவர்களுக்கு இவை எதற்கும் காத்திருக்கும் கதைகள் இல்லை.

பழைய ஏற்பாட்டுப் பகுதியின் கடைசிப் படத்தில் இந்தப் பேச்சு வேலைக்குள்ளேயே வந்துவிட்டது. புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் வேதாகமத்தில் அந்தப் பகுதி மல்கியா என்ற நூலோடு முடிகிறது. தீர்க்கதரிசி எலியா வருவான் என்று சொல்லி நிற்கிறது, பக்கத்தைப் புரட்டினால் புதிய ஏற்பாட்டின் முதல் நூலான மத்தேயு. யூதர்களின் அச்சுப் பிரதிகளிலும் உள்ளவை அதே நூல்கள்தான். இங்கே 39 என்று எண்ணுவதை அவர்கள் 24 என்று எண்ணுகிறார்கள். ஆனால் வரிசை வேறு, கடைசியில் நாளாகமம். பாரசீக ராஜா கோரேசு எருசலேமில் ஆலயம் கட்டச் சொல்லி, விரும்புகிறவன் போகட்டும் என்கிறான், அவ்வளவுதான். போதகர் இரண்டையும் வரையச் சொன்னார். வரைந்தேன். பதிப்பகம் எலியாவை எடுத்துக்கொண்டது. கோரேசுக்குப் பக்கம் இல்லை என்றார்கள், ஆனால் பணம் இரண்டுக்கும் வந்தது.