மூன்றாவது சுற்று ரிவ்யூ: ஒரு டீம் லீடின் நாட்குறிப்பு

2025 நவம்பர் 4, புதுச்சேரி

லாகினுக்கான புரோகிராம் திருத்தம் ஒன்று மூன்றாவது முறையாக ரிவ்யூவில் (ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் கட்டம்) திரும்பி வந்தது. "இதுகூடத் தெரியாதா?" என்று கமெண்ட். கமெண்ட் போட்டவர் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சீனியர். திருத்தத்தை எழுதிய, புதிதாகச் சேர்ந்த பெண் பதிலே போடவில்லை, மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. "சின்னச் சண்டை, விடுங்க" என்கிறார் மேனேஜர். எனக்கு விட மனசில்லை.

நவம்பர் 5

குழுக்களுக்குள் வரும் மோதலை ஆராய்ந்த கேரன் ஜென் 1995-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்: வேலையைப் பற்றிய மோதல் வேறு, ஆள்மேல் வரும் கசப்பு வேறு. யார் எதைச் செய்வது என்ற இழுபறியைப் பின்னால் தனி வகையாகச் சேர்த்தார். வேலை மோதல் நல்லதுதான் என்று பலர் நம்பியிருக்க, 2003-ல் டி ட்ரூ, வைன்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதுவும் சராசரியில் வேலையைக் கெடுக்கிறது என்று வந்தது. 2012-ல் 116 ஆய்வுகளின் தொகுப்பு வந்த பிறகே விஷயம் தெளிவானது. கசப்போடு ஒட்டாத வரை வேலை மோதலால் அவ்வளவு கெடுதல் இல்லை. எங்கள் டீமில் ஒட்டிவிட்டது.

நவம்பர் 7

பெயர் போடாமல் சில கேள்விகள் கேட்டேன், பதில் 1 முதல் 5 வரை. 'டீமில் உரசல் எவ்வளவு?' என்பதற்கு ஆறு பேரின் பதில்: 1, 1, 1, 2, 2, 5. சராசரி 2. அந்த 2-ஐ மட்டும் பார்த்தால் எல்லாம் நலம்தான்! 5 போட்டவர் அதில் காணாமலே போகிறார். அதனால் சராசரியைத் தூக்கி எறிந்துவிட்டு, பதில்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்கிறேன்.

கூகுள் ஆய்வாளர்கள் 2020-ல் ரிவ்யூ பதிவுகளையே அளந்தார்கள்: எத்தனை சுற்று, பார்ப்பவருக்கு எவ்வளவு நேரம், எழுதியவருக்கு எவ்வளவு நேரம். இவை ஏற ஏற மனக்கசப்புக்கும் வாய்ப்பு கூடுகிறதாம். யாரையும் கேட்காமலே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. இனி எங்களிடம் மூன்றாவது சுற்று வந்தால் கமெண்ட் கிடையாது, நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

நவம்பர் 12

இருவரும் ஒரே ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தார்கள். "அண்ணா, போன்ல டைம் தப்பா இருந்தா லாகின் போயிடுது. அதனாலதான் சர்வர் டைமை எடுத்தேன்." சீனியர் அந்தத் திருத்தத்தை மறுபடி படித்தார். "சரிம்மா, இது சரிதான். டெஸ்ட் எங்க?" டெஸ்ட் எழுதி, மாலைக்குள் திருத்தம் மெர்ஜ் ஆனது (மெயின் புரோகிராமில் சேர்ந்தது).

அப்புறம், உரசல் பற்றி ஆறு பேரும் தந்த அந்தப் பதில்களை அப்ரைசலுக்குக் கேட்டார் மேனேஜர். தர மறுத்துவிட்டேன். கொடுத்தால் டிசம்பரில் நான் மறுபடி கேட்கும்போது ஆறு பேரும் 1 என்றுதான் போடுவார்கள்.