எஸ்க்யூஎல் பிளஸில் பேக்ஸ்பேஸ்: ^எச் வராமல் செய்தது

லினக்ஸில் ஆரக்கிள் தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுக்கும் கருவியான எஸ்க்யூஎல் பிளஸைத் திறந்து பேக்ஸ்பேஸைத் தட்டினால், எழுத்து அழியாமல் ^எச் என்று வந்து விழும். அதே டெர்மினலில் லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷ் ஒழுங்காக அழிக்கும். அதனால் பழி எஸ்க்யூஎல் பிளஸ் மேல் போகிறது. விஷயம் இருப்பது டெர்மினல் அமைப்பில்.

பேக்ஸ்பேஸ் சாவி 8 அல்லது 127 என்ற குறியீட்டை அனுப்பும். பாஷில் உள்ள, தட்டும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் நூலகம் இரண்டையுமே அழிப்பாக எடுத்துக்கொள்கிறது. எஸ்க்யூஎல் பிளஸில் ரீட்லைன் கிடையாது. வரியைத் திருத்தும் வேலையைக் கெர்னலில் டெர்மினலைக் கவனிக்கும் டிடிஒய் டிரைவர்தான் பார்க்கிறது. அழிப்பதற்கு அதற்கு இரேஸ் என்று ஒரே ஒரு எழுத்துதான் தெரியும்; சாவி வேறு குறியீட்டை அனுப்பினால் அழிக்காது.

முதலில் டெர்மினல் அமைப்பைக் காட்டும் 'எஸ்டிடிஒய் -ஏ' கட்டளையைக் கொடுத்து இரேஸ் மதிப்பைப் பாருங்கள். லினக்ஸில் வழக்கமாக ^? (127) இருக்கும். பிறகு கன்ட்ரோல்-வி அழுத்திப் பேக்ஸ்பேஸைத் தட்டுங்கள். ^எச் வந்தால் சாவி அனுப்புவது 8.

உடனடித் தீர்வு: எஸ்டிடிஒய் இரேஸ் '^எச்'. மேற்கோள் குறியை விடாதீர்கள், ^? கொடுக்கும்போது கேள்விக்குறியை ஷெல் கோப்புப் பெயராக விரிக்கப் பார்க்கும். எஸ்க்யூஎல் பிளஸை விட்டு வெளியே வரவும் வேண்டாம். அதே கட்டளைக்கு முன்னால் 'ஹோஸ்ட்' சேர்த்து உள்ளிருந்தே கொடுத்தால் போதும்.

நிரந்தரமாக, உள்நுழையும்போது ஓடும் .பாஷ்_புரொஃபைல் கோப்பில் போடுவதென்றால் '[ -டி 0 ] &&' என்ற, டெர்மினல் இருந்தால் மட்டும் என்னும் நிபந்தனையோடு போடுங்கள். இல்லாவிட்டால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக, வேறு பயனராக மாறும் 'சு -' ஓடும்போது டெர்மினல் இல்லையென்று எஸ்டிடிஒய் பிழை கொட்டும். ஆனால் பல இடங்களிலிருந்து பலர் உள்ளே வரும் சர்வரில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது: ஒருவருக்குச் சரியானால் 127 அனுப்பும் மற்றவருக்குக் கெடும். சர்வருக்குள் வரப் பயன்படும் புட்டி மென்பொருளில் டெர்மினல், கீபோர்டு பகுதியில் பேக்ஸ்பேஸை 127க்கு மாற்றுவதே சுத்தமான வழி. அவசரத்துக்கு ஷிஃப்ட்-பேக்ஸ்பேஸ் தட்டினால் புட்டி மற்ற குறியீட்டை அனுப்பும்.

இதைச் சின்னத் தொந்தரவு என்று விட்டுவிடக் கூடாது. கட்டளையின் முதல் சொல்லில் ^எச் விழுந்தால் தெரியாத கட்டளை என்று எஸ்பி2-0734 பிழை வந்து தப்பித்துவிடலாம். மேற்கோளுக்குள் விழுந்தால் பிழையே வராது, அப்படியே டேபிளில் ஏறிவிடும். '125' அடித்து, 5ஐ அழிப்பதாக நினைத்து 3 அடித்து இன்சர்ட் செய்தால், செலக்டில் 123 என்றுதான் தெரியும். 123 என்று தேடினால் அந்த வரிசை கிடைக்காது. சேமித்த பைட்டுகளைக் காட்டும் டம்ப் ஃபங்ஷன் போட்டால் உண்மை வெளியே வரும்: நீளம் 5, பைட்டுகள் 49,50,53,8,51. ரிப்ளேஸ் கொண்டு 8ஐ மட்டும் எடுத்தால் 1253 ஆகிவிடும். அதற்கு முந்தைய எழுத்தையும் சேர்த்து, '.'||சிஎச்ஆர்(8) என்ற வடிவத்தை ரெஜெக்ஸ்பி_ரிப்ளேஸால் நீக்க வேண்டும்.

தமிழில் தரவு அடிப்பவர்கள் பல பைட் எழுத்துகளை முழுதாக அழிக்க வைக்கும் 'எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8' இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். இந்த அமைப்பு இல்லாவிட்டால் ஒரு பேக்ஸ்பேஸுக்கு ஒரு பைட்தான் போகும், மீதி இரண்டும் உள்ளேயே கிடக்கும். இந்த அமைப்பு இருந்தாலும் 'கி' அழிய இருமுறை தட்ட வேண்டும், ககரமும் இகரக் குறியும் தனித்தனி என்பதால்.

அம்புச் சாவிகளும் பழைய கட்டளைகளும் வேண்டுமென்றால் எந்த நிரலுக்கும் ரீட்லைனைச் சேர்த்துத் தரும் ஆர்எல்ரேப் கருவியை நிறுவி, 'ஆர்எல்ரேப் எஸ்க்யூஎல்பிளஸ்' என்று ஓட்டுங்கள். ரீட்லைன் கூடவே வருவதால் 8, 127 சண்டையும் தீர்ந்துவிடும்.