உரோமையில் இரட்டைப் புனிதரின் திருத்தலம்

எட்டாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் கிடந்த எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்காக என் மனைவி நேர்ந்துகொண்ட நேர்ச்சை, அவர்களுக்குப் பத்து வயது நிரம்பிய பிறகுதான் நிறைவேறியது. திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டின்போது குருவானவர் வாசிக்கும் முதற்புனிதர் வரிசை, கோஸ்மாஸ், தமியான் என்னும் இரு பெயர்களோடு முடியும். இரட்டையராகப் பிறந்து, கூலி வாங்காமல் மருத்துவம் செய்து, உரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்தில் மறைசாட்சிகளாக மாண்டார்கள் என்று மரபு கூறும் அவ்விருவருக்கும் உரோமையில் எழுப்பப்பட்ட பசிலிக்காவுக்குப் பிள்ளைகளை அழைத்து வருவதாக அவள் வேண்டியிருந்தாள்.

பசிலிக்கா பழைய உரோமையின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் ஓரத்திலேயே இருப்பதால், காலையில் முதலில் அந்த இடிபாடுகளுக்குள் நடந்தோம். இரட்டையரைப் பற்றி அந்நகரம் எண்ணிய அனைத்தும் அந்தச் சிறு வெளிக்குள்ளேயே கிடக்கிறது. அதன் பிறப்புக் கதையே திபேர் ஆற்றில் விடப்பட்டு, ஓநாயின் பாலைக் குடித்து வளர்ந்த ரோமுலுஸ், ரேமுஸ் என்னும் இரட்டையரின் கதை; வளர்ந்தபின் மதில் குறித்த சச்சரவில் ரேமுஸ் கொல்லப்பட்டான். “ஏன் அப்பா?” என்று மூத்தவன் கேட்டபோது, ஒரு நகரத்துக்கு ஒரே அரசன்தான் இருக்க முடியும் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

சற்றுத் தள்ளி, மூன்று தூண்கள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. கி.மு. 484-இல் நேர்ந்தளிக்கப்பட்ட, காஸ்டர், போலக்ஸ் என்னும் இரட்டைத் தெய்வங்களின் கோயிலின் எச்சம் அது. ரெகில்லுஸ் ஏரிப் போரில் உரோமையருக்குத் துணைநின்ற இவ்விரு குதிரைவீரர்களும் வெற்றிச் செய்தியோடு வந்து, அருகிலிருந்த யுதுர்னா ஊற்றில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள் என்பது நம்பிக்கை. புராணப்படி போலக்ஸின் தந்தை தேவன், காஸ்டரின் தந்தை மனிதன். இரட்டைப் பேற்றுக்கு இரண்டு தந்தையர் வேண்டும் என்ற பழைய ஐயம் இக்கதைக்குள் பதுங்கியிருக்கிறது. தம்பி மாண்டபோது தன் சாவாமையில் பாதியைப் போலக்ஸ் அவனுக்குப் பகிர்ந்தளித்தான். ஆனாலும் மக்கள் அதைக் காஸ்டர் கோயில் என்றே சுருக்கி அழைத்தார்கள். யூலியுஸ் சீசரோடு சேர்ந்து பொதுவிழாக்களுக்குச் செலவிட்டும், புகழ் முழுவதையும் சீசரிடம் இழந்த பிபுலுஸ், தன் கதி போலக்ஸின் கதிதான் என்று நொந்துகொண்டாராம். கருவிலேயே ஒன்று அழிய, மற்றது பிழைத்துப் பிறந்தால் அதற்கு வோபிஸ்குஸ் என்று பெயரிடும் வழக்கமும் உரோமையரிடம் இருந்தது. இறந்த குழந்தையின் நினைவை உயிரோடிருப்பவனே வாழ்நாள் முழுவதும் பெயராகச் சுமந்திருப்பான். அதைப் படித்த நாளில் என் மனம் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போய்விட்டது.

நம்மவர்களையும் சொல்ல வேண்டும். ஒட்டிப்பிறந்த வாழைப்பழத்தைத் தின்றதால்தான் இரட்டைப் பிள்ளை என்று, நாங்கள் சின்ன வயதில் கேட்ட பாட்டையே உறவுப் பெண்கள் என் மனைவியிடமும் பாடினார்கள்.

ஃபோரத்திலிருந்து வெளியேறிச் சாலைப்பக்க வாயில் வழியாகப் பசிலிக்காவுக்குள் நுழைந்தோம். திருத்தந்தை நான்காம் ஃபெலிக்ஸ் 526-க்கும் 530-க்கும் இடையில் பழைய உரோமைக் கட்டடத்தையே ஆலயமாக்கினார். 17-ஆம் நூற்றாண்டில் தரைமட்டத்தை உயர்த்தியதால், பீடத்தின் மேலுள்ள பளிங்குச்சில்லு ஓவியம் இப்போது பழங்காலத்தைவிடக் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கிறது. கருநீல வானில் செந்நிற மேகங்களின்மீது ஆண்டவர் இறங்கி வர, பேதுருவும் பவுலும் இரு மருத்துவர்களையும் தோளில் கைபோட்டு அவரிடம் அழைத்து வருகிறார்கள். காஸ்டர், போலக்ஸைப் போல ஒருவர் மற்றவரில் மறையவில்லை. ஆளுக்கோர் அப்போஸ்தலர், ஆளுக்கொரு மணிமுடி.

அதன் அடியிலுள்ள இலத்தீன் கல்வெட்டில், மறைசாட்சிகளான மருத்துவர்களால் மக்களுக்கு நலத்தின் உறுதியான நம்பிக்கை கிடைத்தது என்று எழுதியிருக்கிறது. இரட்டையர் என்ற சொல்லோ, உடன்பிறந்தோர் என்ற சொல்லோ அதில் இல்லை. பிறப்பின் விந்தையைப் பேசாமல் தொழிலையும் சாட்சியத்தையும் பேசிய அக்கல்வெட்டின் முன் நான் நெடுநேரம் நின்றேன். கான்ஸ்டாண்டிநோபிளில் இவர்களது ஆலயத்துக்கு, காஸ்டரும் போலக்ஸுமே இவர்கள் என்றெண்ணி நோயோடு வந்த ஒரு புறச்சமயத்தவரிடம், தாங்கள் அவர்கள் அல்லர், கிறிஸ்துவின் ஊழியர் என்று இவர்கள் கனவில் சொன்னதாகவும் ஒரு பழைய அற்புதக் கதை உண்டு.

மயிலாப்பூர்ச் சாந்தோமில் நாம் வணங்கும் திருத்தூதரின் நினைவும் அங்கே எழுந்தது. தோமா என்ற அரமேயச் சொல்லின் பொருளே இரட்டையர் என்பதுதான். ஆனால் அவருடைய இணை யாரென்று எந்த நற்செய்தியும் கூறவில்லை.

நேர்ச்சைக்கென்று என் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே மெழுகுதிரியை எடுத்து வந்திருந்தாள். இளையவன் தனக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்றான். வாங்கிக் கொடுத்தோம், அண்ணன் திரியிலிருந்து பற்றவைக்காமல், தீக்குச்சி கேட்டு வாங்கித் தானே ஏற்றினான்.